விரல் விட்டு எண்ணினால் என்ன தப்பு?

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதிலேயே நூறு வரை மடமடவென்று சொல்வான், பார்க்கிறவர்கள் எல்லாம் கெட்டிக்காரன் என்பார்கள். இப்போது எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிறான். ஒரு நாள் கழித்தல் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறான், மறுநாள் 52-இல் 17 போனால் 45 என்கிறான். 3, 7 இரண்டையும் அடிக்கடி திருப்பிப் போட்டு எழுதுகிறான். வகுப்பில் கவனமே இல்லை என்று டீச்சர் சொல்கிறார்; வகுப்பிலேயே வயதில் சின்னவன் இவன்தான். என் கணவர், இவன் சோம்பேறி, விரலை மடக்க விடாதே என்கிறார். அக்கா மகள் இதே வயதில் கதைப் புத்தகமே படித்தாள். இவன் பின்னால் போகிறானா? ஏதாவது சோதனை செய்து பார்க்க வேண்டுமா? சில நாள் கத்திவிடுகிறேன், அப்புறம் நானே உட்கார்ந்து அழுகிறேன்.

பதில்:

வணக்கம். பின்னால் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கவலையோடேயே மீதியையும் படிப்பீர்கள். பையனை நேரில் பார்க்காமல் எல்லாவற்றையும் அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும், விரல், திரும்பிய 3, அந்த 45 உட்பட, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நாங்கள் ஓயாமல் பார்க்கிற விஷயங்கள். இதில் ஒன்றிரண்டைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நூறு வரை சொன்னதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான்கு வயதில் நூறு வரை ஒப்பிப்பது நல்ல நினைவாற்றல், சந்தேகமில்லை. ஆனால் எண்களின் வரிசை தெரிவது ஒன்று, எண் என்றால் என்ன அளவு என்று தெரிவது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி உண்டு. காரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகள் முன்னால் பொம்மைகளைக் குவித்து வைத்து, "இத்தனை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக எண்ணத் தெரிந்த குழந்தைகளே, மூன்று கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். முதலில் "ஒன்று" பிடிபடுகிறது, பல மாதம் கழித்து "இரண்டு", அப்புறம் "மூன்று", அதற்கும் பிறகுதான் எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம் என்பது விளங்குகிறது. இது முழுதாக விளங்க மூன்றரை, நான்கு வயது ஆகிவிடுகிறது. ஆக, அன்றைக்கு எல்லோரும் பாராட்டியது வரிசையை. இன்றைக்கு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அளவோடு. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் சறுக்கியதுபோலத் தெரிகிறது.

சரி, விரலுக்கு வருவோம். எட்டும் ஐந்தும் கூட்டும்போது அவன் தலைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள்: எட்டை நினைவில் வைக்க வேண்டும், ஒன்பது, பத்து என்று மேலே போக வேண்டும், அதே சமயம் எத்தனை தடவை மேலே போனோம் என்றும் ஞாபகம் வைத்து ஐந்தில் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொல்லக்கூடிய இலக்கங்கள் சராசரியாக ஏழு. ஏழு வயதுக் குழந்தைக்கு அது ஐந்து வாக்கில்தான். அவ்வளவு சின்ன இடத்தில் மூன்று வேலையை ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு வேலையை விரலிடம் ஒப்படைக்கிறான், அவ்வளவுதான். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பேறியாக இருந்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பான். விரலைத் தடுத்த வீடுகளில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது, பிள்ளை ஊகிக்க ஆரம்பிக்கிறது, இல்லையென்றால் மேசைக்கடியில் கையை ஒளித்துக்கொண்டு எண்ணுகிறது.

ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1989-இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை பதினோரு வாரம் கூட்டல் கணக்குப் போடவைத்து, ஒவ்வொரு கணக்கையும் எப்படிப் போட்டார்கள் என்று பதிவு செய்தார்கள். முதலில் பிள்ளைகள் இரண்டு எண்ணையும் ஒன்றிலிருந்து தொடங்கி முழுக்க எண்ணுகிறார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவருக்கு, பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மேலே எண்ணினால் போதும் என்ற யோசனை வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே வருகிறது. அது வருவதற்குச் சற்று முன்னால் அந்தக் குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு தடுமாறுகிறது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்த பிறகும் அடுத்த கணக்குக்குப் பழைய வழிக்கே போய்விடுகிறார்கள்! புதியது கையில் இருக்கிறது, ஆனாலும் வாரக்கணக்கில் பழையதும் கூடவே ஓடுகிறது. 2-உம் 21-உம் என்று, முழுக்க எண்ணினால் அலுத்துப்போகும் மாதிரியான கணக்குகளைக் கொடுத்தபோதுதான் புதிய வழியை ஓரளவு அடிக்கடி எடுத்தார்கள்.

உங்கள் கடிதம் முழுவதற்கும் என் பதில் இதுதான். பிள்ளைகளின் யோசனை படிக்கட்டு ஏறுவதுபோல, ஒரு படியை விட்டு அடுத்த படியில் கால் வைப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். புத்தகங்களிலும் 2 வயது வரை இப்படி, 7 வரை இப்படி, 11 வரை இப்படி என்று பெட்டி போட்டுக் காட்டுவார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே அந்தக் கட்டங்களைச் சொன்னபோது அவற்றில் பெரிய உண்மை இருந்தது, குழந்தையின் தப்பான விடைக்குள்ளும் ஓர் ஒழுங்கான தர்க்கம் இருக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். ஆனால் கிட்டே போய் ஒரே குழந்தையைத் தினமும் பார்த்தால் கட்டம் எதுவும் அவ்வளவு சுத்தமாகத் தெரியாது, ஒரே கணக்குக்கு ஒரு நாள் மனப்பாடம், மறுநாள் விரல், அதற்கு அடுத்த நாள் "எட்டும் ரெண்டும் பத்து, மீதி மூணு" என்று பல வழியும் கலந்தே கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நல்ல வழி மேலே வரும்.

இப்போது அந்த 45. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் உங்கள் மகன் ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறான். 52-இல் 17. ஒன்றின் இடத்தில் 2-உம் 7-உம். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் 5. பத்தின் இடத்தில் 5-உம் 1-உம், 4. விடை 45. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்ற இந்த விதி 58-இல் 17 போன்ற கணக்குக்கெல்லாம் கச்சிதமாகச் சரியான விடை தரும், அதனால் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள் வந்த நாளில் எல்லாம் சரி, கடன் வாங்கும் கணக்கு வந்த நாளில் எல்லாம் தப்பு. நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியது, அவனைப் பொறுத்தவரை இரண்டு நாளும் ஒரே வேலையைத்தான் செய்தான். இது என் ஊகம்தான். ஆனால் சரிபார்ப்பது சுலபம், நோட்டை எடுத்து, சரியான கணக்குகளில் கீழே இருக்கும் இலக்கங்கள் எல்லாம் மேலே இருப்பதைவிடச் சின்னவையா என்று பாருங்கள். அப்படியிருந்தால் இன்னும் இருபது கணக்குப் போடவைப்பதில் பிரயோசனமே இல்லை, அந்தத் தப்பான விதி இன்னும் கெட்டிப்படும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து, 52 குச்சியில் 17-ஐ எடு என்று சொல்லிப் பாருங்கள். கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சி எடுக்க முடியாது என்பது அவன் கைக்கே தெரிந்துவிடும்.

ஒன்றைக் கற்றுவிட்டால் அது எங்கேயும் எப்போதும் கையில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது பெரியவர்களின் பழக்கம். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ஒன்று இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. காரன் அடால்ஃப் என்பவர் தவழும் குழந்தைகளைச் சரிவான மேடைகளில் விட்டுப் பார்த்தார். தவழ ஆரம்பித்த புதிதில் எவ்வளவு செங்குத்தான சரிவாக இருந்தாலும் நேரே இறங்கிவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பல வாரம் தவழ்ந்த பிறகு, முடியாத சரிவைப் பார்த்ததும் விளிம்பிலேயே நின்றுவிடுவார்கள். நல்லது, புத்தி வந்துவிட்டது என்று நினைக்கும்போது குழந்தை எழுந்து நடக்கத் தொடங்குகிறது, மறுபடியும் அதே சரிவில் தலைகுப்புறப் போகிறது. அதே குழந்தையை அதே நாளில் தவழும் நிலையில் இறக்கிவிட்டால் நின்றுவிடுகிறது, நிற்கவைத்தால் போய் விழுகிறது. தவழும்போது கற்றது தவழுவதற்கு மட்டும்தான். நடக்கும் உடம்புக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் ஒற்றை இலக்கக் கழித்தலிலிருந்து இரட்டை இலக்கத்துக்கு வந்திருக்கிறான், அங்கே இருந்த தெளிவு இங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

திருப்பி எழுதுவது பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பொருள்களைப் பொறுத்தவரை இடம் வலம் மாறினாலும் பொருள் ஒன்றுதான், இந்தப் பக்கம் பார்க்கும் பூனையும் அந்தப் பக்கம் பார்க்கும் பூனையும் பூனைதான், மூளையின் பார்வைப் பகுதி அப்படிப் பார்க்கத்தான் பழகியிருக்கிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டும்தான் திசை மாறினால் தப்பாகிவிடும் என்ற விசித்திரமான சட்டம், அதற்காக அந்தப் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது, அதற்கு நாள் ஆகும். நீங்கள் 3, 7 என்று குறிப்பாக எழுதியதும் சுவாரசியமானது. பிள்ளைகள் அதிகமாகத் திருப்புவது இடப்பக்கம் பார்க்கும் இலக்கங்களைத்தான். எழுதுவது வலப்பக்கமாகப் போகிறது, அதனால் எல்லாமே அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டதுபோல. அடித்துத் திருத்த வேண்டாம். "இது எந்தப் பக்கம் பார்க்குது?" என்று கேட்டு அவனையே திருத்தவிடுங்கள். எட்டு வயது தாண்டியும் குறையாமல் அப்படியே இருந்தால் மற்ற விஷயங்களோடு சேர்த்துப் பார்க்கலாம், இது மட்டும் தனியாக எதற்கும் அறிகுறி இல்லை.

டீச்சர் சொன்ன கவனக்குறைவு. வகுப்பில் சின்னவன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான வரி. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம், ஏழு வயதில் ஒரு வருடம் என்பது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஏழில் ஒரு பங்கு. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வயது எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2018-இல் வெளியானது. எல்லைக்குச் சற்று முன்னால் ஆகஸ்டில் பிறந்து வகுப்பில் இளையவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களைவிட ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்ற முத்திரை 34 சதவீதம் அதிகமாகக் குத்தப்பட்டிருந்தது. ஒரு மாதம் முன்னே பின்னே பிறந்ததில் மூளைக் கோளாறு கூடிவிடாது. இளையவர்களின் இயல்பான விளையாட்டுத்தனம் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் கோளாறாகத் தெரிந்திருக்கிறது. டீச்சரைக் குறை சொல்லவில்லை, ஒரே அறையில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் பிறந்த மாதத்தையும் யார் நினைவில் வைப்பார்கள்? நீங்கள் போய் மெதுவாக நினைவுபடுத்துங்கள். கூடவே எந்த நேரத்தில், எந்த வேலையில் கவனம் போகிறது என்றும் கேளுங்கள். எல்லா நேரமும் என்றால் ஒரு விதம். பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் என்றால் அது வேறு விஷயம்.

அக்கா மகள் பற்றி ஒரே ஒரு தகவல். நியூசிலாந்தில், ஐந்து வயதில் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினோரு வயது வாக்கில் வாசிக்கும் திறமையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் என்ன செய்வது? ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். விடை சரியா தப்பா என்று சொல்வதற்கு முன்னால், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள், சரியாகச் சொன்னாலும் கேளுங்கள். தப்பானதற்கு மட்டும் கேட்டால் இரண்டே நாளில் அந்தக் கேள்விக்குத் தப்பு என்றுதான் அர்த்தம் என்று புரிந்துகொள்வான். பியாஜேயின் ஒரு சோதனையில் இதே சிக்கல் பிறகு வெளியே வந்தது. இரண்டு வரிசையாகக் காய்களைச் சமமாக அடுக்கி, இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள், குழந்தை ஆமாம் என்னும். அப்புறம் ஒரு வரிசையை அகலமாக்கிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், நீளமான வரிசையில் அதிகம் என்று சொல்லும், எண்ணிக்கை மாறாது என்பது இதற்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவார்கள். 1974-இல் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு சக ஆய்வாளரும், பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக் கரடிப் பொம்மை ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக விளையாட்டுக் காட்டினார்கள். அதே வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள்! பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டுக் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்புபோல என்று குழந்தை நினைப்பதில் ஆச்சரியமில்லை. உங்கள் வீட்டிலும் "நல்லா யோசிச்சுச் சொல்லு, நிச்சயமா?" என்று கேட்டதும் சரியான விடையை மாற்றிச் சொல்கிறானா என்று கவனியுங்கள்.

அவன் விளக்கிச் சொல்லும்போது கையையும் பாருங்கள். சூசன் கோல்டின்-மெடோ என்ற ஆய்வாளர் காட்டியது இது: வாய் பழைய வழியைச் சொல்லும்போது கை வேறொரு வழியைக் காட்டினால், அந்தப் பிள்ளைக்கு அடுத்ததைக் கற்றுக்கொடுக்க அதுதான் சரியான நேரம், அப்போது சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. கையை மடக்கச் சொல்லும் உங்கள் கணவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கத்திவிடுவது பற்றி நான் புத்திமதி சொல்லப்போவதில்லை. ஒரு நடைமுறை விஷயம் மட்டும்: கணக்கு நேரத்தைப் பதினைந்து நிமிடத்தோடு முடித்துவிடுங்கள், நடுவில் கோபம் வந்தால் அன்றைக்கு அத்தோடு மூடிவைத்துவிடுங்கள், மறுநாள் தொடரலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் படிப்பதைவிட நாள்விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பார்ப்பதுதான் நினைவில் நிற்கும் என்பதை நினைவாற்றலை ஆராய்ந்த ஹெர்மன் எபிங்காஸ் 1885-லேயே எழுதிவைத்துவிட்டார், அதன் பிறகு நடந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. நீங்கள் நிறுத்துவதால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியாகச் சோதனை. ஐந்து பெரியதா ஏழு பெரியதா என்பதற்கே ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ணித்தான் சொல்கிறான் என்றால், அல்லது சின்னச் சின்னச் சொற்களைக்கூட எழுத்துக் கூட்டிச் சேர்க்க முடியவில்லை, எழுத்தைப் பார்த்து ஒலி வரவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்தது என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள், காத்திருந்து பார்ப்போம் என்று வருடத்தைக் கடத்த வேண்டாம். அவன் படிப்பு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, அதை எழுதினால் இன்னும் சரியாகச் சொல்வேன். நன்றாகச் செய்துகொண்டிருந்த பேச்சோ நடையோ வேறு ஏதாவது பழக்கமோ உண்மையாகவே இல்லாமல் போனால், விரல் விட்டு எண்ணுவதைச் சொல்லவில்லை, அப்படியே இழந்துவிட்டான் என்றால், எந்த வயதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கவனமில்லை என்று டீச்சர் சொல்வதால் கண்ணையும் காதையும் மட்டும் இந்த மாதமே பரிசோதித்துவிடுங்கள், மற்ற எதற்கும் அவசரமில்லை.